ஹேண்டிலை யார் சுற்றுவது

எல் பெச்சிச்சே
10 நவம்பர் 1980, திங்கள்

திரு. அப்தோன் செஸ்மே அவர்களுக்கு,

உங்கள் தங்கை எலோதியா எழுதுகிறேன். மூன்று வருடமாக ஒரு வரிகூட எழுதாதவள் இப்போது எழுதுகிறாள் என்றால் வேறு போக்கிடம் இல்லாமல்தான் என்று உங்களுக்கே விளங்கும். குசலம் விசாரிக்க எழுதவில்லை.

எங்கள் ஏழு வயலிலும் நெல் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டி நிற்கிறது. வாய்க்கால் வறண்டு பன்னிரண்டு நாள் ஆகிறது. மேலே இருக்கிற பெரிய பண்ணைக்காரர்கள் மடையை அடைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஆறு ஒன்றுதான். அதிலும் போன அமாவாசை ஓதத்தில் கடல் ஏறினதுக்கே கரையோரம் கரித்தது. 22ஆம் தேதி பௌர்ணமி. அந்த ஓதம் உப்பை ஏற்றிக் கொண்டுவந்தால் அப்புறம் மழை விழும்வரை ஆறு ஆறாக இருக்காது. நீங்களும் இந்தக் கரையில் பிறந்தவர்தான், இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லையென்றால் வெளியே வருகிற கதிரெல்லாம் பதர்.

இரண்டு கறவை மாட்டையும் விற்று ஒரு டீசல் பம்பு வாங்கியிருக்கிறோம். புதியது. உங்கள் கடையில் இல்லை. வெள்ளிக்கிழமை லாஞ்சில் மரப்பெட்டியோடு வந்து இறங்கியது. ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் பெரிய சக்கரம், ஹேண்டில் போட்டுச் சுற்றுகிற மாதிரி. விற்றவர் தன் மெக்கானிக்கை 28ஆம் தேதி அனுப்புவாராம். 28ஆம் தேதி வந்து உப்புத் தண்ணீரை இறைத்துக் கொடுக்கவா? கூட ஒரு புத்தகம் வந்திருக்கிறது. படம் புரிகிறது, எழுத்து எங்கள் யாருக்கும் தெரிந்த எழுத்தாக இல்லை.

புது எஞ்சினை முதல்முறை ஓட்டுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும்? ஒன்று விடாமல் எழுதுங்கள். இருபது வருடமாக இதை விற்றுத்தானே நீங்கள் ஆளானீர்கள்.

என் புருஷன் உல்பியானோவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். லாஞ்சு வழக்கம்போல திங்கள், புதன், வெள்ளி. பதிலைக் கப்பித்தான் சபினோ கையிலேயே கொடுங்கள். எழுத மனமில்லையென்றால் இதே காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், காத்திருந்து நாள் கெடாமல் இருக்கும்.

எலோதியா


குவயாகில்
12 நவம்பர், புதன் காலை

எலோதியா,

முதலில் இது. ஹேண்டிலை யாரும் தொடக் கூடாது. அது இப்போது எஞ்சினிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் எழுந்து போய்க் கழற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து மீதியைப் படி.

என்னிடம் வாங்கியிருந்தால் நானே ஆள் அனுப்பியிருப்பேன். சரி, அதைப் பேசிப் பயனில்லை. என் மெக்கானிக்கும் மனாபி பக்கம் போயிருக்கிறான், மாதக் கடைசியில்தான் திரும்புவான். ஆக, காகிதத்திலேயே செய்வோம்.

பெட்டியில் வருகிற எஞ்சின் வயிறு காலியாகத்தான் வரும். ஆயில் ஒரு சொட்டு இருக்காது. வழியில் ஒழுகக் கூடாதென்று வடித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பளபளவென்று இருக்கிறதே என்று அப்படியே சுற்றினவர்களை எனக்குத் தெரியும். பத்து நிமிஷத்தில் உள்ளே எல்லாம் உருகி ஒட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு அந்த எஞ்சின் வள்ளத்துக்கு நங்கூரமாகத்தான் உதவியது. ஆயில் அளவு பார்க்கிற குச்சியில் இரண்டு கோடு இருக்கும். மேல் கோடுவரை ஊற்று, அதைத் தாண்டாதே. காற்று உள்ளே போகிற வாயிலும் புகை வெளியே வருகிற வாயிலும் துணியோ மரக்கட்டையோ அடைத்து அனுப்பியிருப்பார்கள். இரண்டையும் எடு. இரும்பெல்லாம் மஞ்சள் கிரீஸ் பூசியிருக்கும், அதை டீசல் நனைத்த துணியால் துடை.

வெறும் மண்ணில் வைக்காதே. குதித்துக்கொண்டே ஆற்றுக்குள் போய்விடும். கனமான இரண்டு மரத்தைப் புதைத்து, மட்டம் பார்த்து, போல்ட் போட்டு இறுக்கு. மேலே பனையோலைக் கூரை போட்டிருந்தால் புகைக்குழாயை ஓலையிலிருந்து ஓர் ஆள் தூரம் தள்ளி வெளியே நீட்டு. பெல்ட் ஓடுகிற பக்கம் பெட்டிப் பலகையை அடித்து மறைத்துவிடு. உன் கூந்தலும் பாவாடையும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

பம்பு காய்ந்து ஓடக் கூடாது. ஆற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடியில், ஏறின தண்ணீரைத் திரும்ப இறங்க விடாத ஃபுட்வால்வு இருக்கும். மேலே மூடியைத் திறந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்று. வழிய வழிய நிரம்பி, ஒரு மணி நேரம் கழித்தும் இறங்காமல் நின்றால் சரி. இறங்கினால் எங்கேயோ காற்று இழுக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். எஞ்சினுக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா? யார் ஞானத்தகப்பன்? நம் ஊர் ஞானத்தகப்பன்மார் எஞ்சினுக்கும் ஒரு வாய் சாராயம் கொடுப்பார்களே, அதைச் சக்கரத்தின் மேல் ஊற்றச் சொல். உள்ளே வேண்டாம்.

ஹேண்டில் சுற்றுவது பற்றி அடுத்த கடிதத்தில். யார் சுற்றினாலும் சரி, உல்பியானோ வேண்டாம். போன தடவை அவன் சுற்றின அழகை ஊரே பார்த்தது.

அப்தோன்


எல் பெச்சிச்சே
14 நவம்பர், வெள்ளி

அண்ணனுக்கு,

ஞானஸ்நானம் போன ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. தோன் ஃபிலேமோன்தான் ஞானத்தகப்பன். அறுபத்தாறு வயதில் வெள்ளைச் சட்டை போட்டு, வாத்துக் கறியோடு வந்தார். ஆயில் அவரே வாங்கி வந்து ஊற்றினார். ஊற்றி முடித்ததும், "பச்சப்புள்ள, வெறும் எண்ணெயை எப்படிக் குடிக்கும்" என்று சொல்லிக் கரும்புச் சாராயம் அரைப் புட்டியை அதே துவாரத்தில் கவிழ்த்துவிட்டார். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். முதல் சுற்று ஞானத்தகப்பனுடையது என்பதால் அப்போதே சுற்றப் போனார். குழாய் பொருத்தவில்லை என்று நான்தான் தடுத்தேன். இப்போது என்ன செய்வது?

உங்கள் கடிதம் உல்பியானோ கையில் சிக்கிவிட்டது. அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் உங்கள் கடை முத்திரை தெரியும்.

"உங்கண்ணன்தானே?"

"ஆமா."

"என்ன சொல்றாரு பெரிய மனுசன்?"

"எஞ்சின் விஷயம்தான்."

"அப்படின்னா சத்தமாப் படி. ஒரு வார்த்தை முழுங்கினாலும் எனக்குத் தெரியும். மூணு வருசமா உன் மூஞ்சியைத்தான் படிச்சிக்கிட்டிருக்கேன்."

படித்தேன். கடைசி வரியையும் படித்தேன். அவர் தட்டில் இருந்த வாழைக்காய் உருண்டையை அப்படியே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் எஞ்சினுக்கு மரம் புதைத்து முடித்திருந்தார். நீங்கள் எழுதினபடி மட்டம் பார்த்து, போல்ட் போட்டு, ஒற்றைக் கையால். வலது கை பாரம் தூக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

பம்பில் ஊற்றின தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் அதோடு போராடினோம். ஃபுட்வால்வில் சுள்ளி சிக்கியிருந்தது. இப்போது நிற்கிறது.

நெல் இலை காலை பத்து மணிக்கே சுருட்டுப்போலச் சுருண்டுவிடுகிறது. முன்பெல்லாம் சாயங்காலம் விரியும். இரண்டு நாளாக விரிவதில்லை. நான் வயல் பக்கம் போகாமல் சுற்றுவழியாக நடக்கிறேன்.

எலோதியா


குவயாகில்
17 நவம்பர், திங்கள் காலை

எலோதியா,

அரைப் புட்டியா? ஃபிலேமோனின் கல்லீரல் தாங்கும், எஞ்சின் தாங்காது. சாராயம் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி ஓடும், இரும்பும் இரும்பும் நேராக உரசும். சூடேறினால் உள்ளே ஆவி கட்டிக்கொண்டு தீப்பிடித்தாலும் பிடிக்கும். நீ குழாயைச் சொல்லித் தடுத்தாயே, அது சும்மா இல்லை.

சபினோவிடம் இரண்டு டின் ஆயில் கொடுத்திருக்கிறேன். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற திருகைக் கழற்றி உள்ளே இருப்பது அத்தனையும் வடி. சுத்தமான டீசல் கொஞ்சம் ஊற்றி, சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, அதையும் வடி. ஒரு ராத்திரி திறந்தே கிடக்கட்டும். அப்புறம் திருகைப் பூட்டி ஒரு டின் ஊற்று. இரண்டாவது டின் கையிருப்பு.

ஏர் ஃபில்டரின் அடிக் கிண்ணத்திலும் ஆயில் ஊற்ற வேண்டும். அங்கே கோட்டைத் தாண்டினால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சிக் குடித்து, யார் சொன்னாலும் நிற்காமல் வேகமெடுக்கும், சக்கரம் தெறிக்கிறவரைக்கும் ஓடும். அப்படி நடந்தால் காற்று வாயில் ஒரு பலகையை வைத்து அழுத்தி மூச்சை அடைக்க வேண்டும். கையை வைக்கக் கூடாது.

டீசல் டேங்கில் ஊற்றும்போது துணியில் வடிகட்டு. பிறகு ஏர் எடுக்க வேண்டும். டேங்கிலிருந்து வருகிற வழியில் சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் நுரை நுரையாக வரும். நுரை நின்று முழு டீசலாக வந்ததும் இறுக்கு. நிறுத்துவதற்கு டீசலை அடைக்கிற கைப்பிடி பக்கவாட்டில் இருக்கிறது. ஓட்டுவதற்கு முன்னாலேயே அதை நாலு தடவை இழுத்துப் பழகிக்கொள்ளுங்கள். ஓட்டத் தெரிந்து நிறுத்தத் தெரியாதவர்கள்தான் அதிகம்.

ஹேண்டில். சிலிண்டர் தலையில் ஒரு சின்ன லீவர் இருக்கும். அதைத் தூக்கினால் எஞ்சின் மூச்சுப் பிடிக்காது, லேசாகச் சுற்றும். நல்ல வேகம் வந்ததும் லீவரை விட்டால் வெடித்து ஓடத் தொடங்கும். வேகம் வருவதற்கு முன்னால் லீவர் விழுந்தால் சக்கரம் பின்னுக்கு அடிக்கும், ஹேண்டிலும் கூடவே பின்னுக்கு வரும். கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால் கை போகும்.

நல்ல திடமான ஆளாகப் பார்த்து விடு. ஃபிலேமோனுக்கு வயதாகிவிட்டது. உல்பியானோ வேண்டாம். காரணம் கேட்காதே, வேண்டாம் என்றால் வேண்டாம்.

நான் வரலாம்தான். கடையை விட்டு வர முடியவில்லை.

அப்தோன்


எல் பெச்சிச்சே
19 நவம்பர், புதன்

அண்ணனுக்கு,

ஆயில் மாற்றியாகிவிட்டது. வடித்தது சேறு கலந்த பால் மாதிரி இருந்தது. தோன் ஃபிலேமோன் அதை மோந்து பார்த்துவிட்டு, "நல்ல சாராயம், வீணாப்போச்சு" என்றார். ஏர் எடுத்தாகிவிட்டது. பெல்ட்டுக்குப் பலகை அடித்தாகிவிட்டது. பம்பு நிரம்பி நிற்கிறது. எல்லாம் தயார். ஆனால் எஞ்சின் ஓடவில்லை, ஏனென்றால் யாரும் சுற்றவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் உல்பியானோ கேட்டார்.

"காரணம் கேட்காதேன்னு ஏன் எழுதணும்? குடிகாரன், அதனால வேணாம்னு எழுதியிருக்கலாமே. போன கடுதாசியில நக்கல் பண்ணத் தெரிஞ்சவருக்கு இதுல என்ன வந்துச்சு?"

"அவரு பாஷையே அப்படித்தான்."

"லீவரைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்காரு. அன்னிக்கு அவரு நமக்கு வித்த அந்தப் பழைய எஞ்சின்ல லீவர் தானா விழுந்துச்சு எலோதியா. ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன். நீ என்ன சொன்னே?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். குடித்த வாய்க்கு எதுவும் ஞாபகம் வரும் என்று சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று வருடமாக, அவர் கையிலிருந்து எது நழுவினாலும் சொன்னேன்.

இப்போது அவர் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறார். தோன் ஃபிலேமோனைச் சுற்ற விட மாட்டாராம். பக்கத்து வயல்காரர்கள் யாரும் முன்வரவில்லை. ஞானத்தகப்பன் இருக்கும்போது அடுத்தவன் சுற்றினால் ஆகாதென்று ஒரு சாக்கு. உண்மையில் எல்லார் கண்ணும் உல்பியானோவின் முழங்கையில்தான் இருக்கிறது. "நான்தான் சுத்துவேன்" என்கிறார். "ஆனா அதுக்கு முன்னால அவரு ஒரு கேள்விக்கு ஆமா இல்லைன்னு பதில் எழுதட்டும். அந்த எஞ்சின்ல லீவர் பிடிச்சுதா இல்லையா? அதுல நெசம் சொன்னா மத்ததையும் நம்புறேன். இல்லேன்னா இந்த ஆயில், ஏரு, கட்டைவிரலு எல்லாம் எந்த லட்சணத்துல இருக்கோ, யாரு கண்டா."

வெள்ளிக்கிழமை லாஞ்சை விட்டால் அடுத்தது திங்கள். திங்கட்கிழமை ஆற்றில் உப்பு இருக்கும். நேற்று மேல்வயலில் ஒரு பொதியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கதிர் வெள்ளையாகிக்கொண்டு வருகிறது.

அண்ணா, வியாபாரத்தை வைத்துவிட்டு எழுது. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. எதுவானாலும் நான் சத்தமாகத்தான் படிக்கப் போகிறேன்.

எலோதியா


குவயாகில்
21 நவம்பர், வெள்ளி விடியற்காலை

எலோதியா,

இல்லை. லீவர் பிடிக்கவில்லை.

எனக்குத் தெரியும். ஓர் அரவை மில்லில் கழித்துப் போட்ட எஞ்சின் அது. வாங்கும்போதே லீவர் தங்குகிற பள்ளம் தேய்ந்திருந்தது. புது லீவர் வரவழைக்க இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். கம்பி போட்டுக் கட்டி, மேலே பெயின்ட் அடித்து உங்களிடம் விற்றேன். தங்கைதானே, அப்புறம் மாற்றிக் கொடுத்தால் போயிற்று என்று நினைத்தேன்.

அந்த எஞ்சினுக்கு ஞானத்தகப்பன் நான். முதல் சுற்று என்னுடையது. ஹேண்டிலைக் கையில் எடுத்துவிட்டுப் பார்க்கிறேன், லாஞ்சில் வந்த குலுக்கலில் கம்பி தளர்ந்திருக்கிறது. சுற்றி நாற்பது பேர். அதில் ஆறு பேர் அடுத்த மாதம் என்னிடம் பம்பு வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கம்பியை இறுக்கினால் அவர்கள் முன்னால் இறுக்க வேண்டும். சுற்றினால் என் கை. அப்போதுதான் சொன்னேன், "வீட்டுக்காரன் இருக்கையில நான் யாரு, மரியாதை மாப்பிள்ளைக்குத்தான்" என்று. அவன் எவ்வளவு சந்தோஷப்பட்டான் தெரியுமா. கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் நீ என் சட்டையைப் பிடித்துக் கேட்டாய். குடித்துவிட்டுச் சுற்றினான் என்றேன். அவன் குடித்தது ஒரு கிளாஸ். ஊற்றிக் கொடுத்தது நான். நீ நம்பினாய். அண்ணன் சொன்னால் நம்புகிற தங்கை. பிறகு நீ ஏன் என்னோடு பேச்சை நிறுத்தினாய் என்று எனக்குப் புரியவே இல்லை. குடிகாரனுக்கு உன்னைக் கட்டி வைத்ததற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

கடையை விட்டு வர முடியவில்லை என்று எழுதினது பொய். கடையில் மூன்று பேர் இருக்கிறார்கள். இந்த லாஞ்சிலேயே வந்திருக்கலாம். நீ இதைப் படிக்கும்போது அவன் என் முகத்தைப் பார்ப்பான், அதற்குப் பயம்.

இப்போது உங்கள் லீவர். டீசலை அடைத்துவிட்டு, லீவரைத் தூக்கி வைத்து, ஹேண்டிலை மெதுவாக இருபது சுற்று சுற்றுங்கள். சுற்றும்போது ஒரு குச்சியால் லீவரைத் தட்டுங்கள். தட்டினாலும் விழக் கூடாது. விழுந்தால் அந்த எஞ்சினைத் தொடாதீர்கள், நெல் போனால் போகட்டும். விழாவிட்டால் டீசலைத் திறந்து சுற்றலாம். கட்டைவிரலைப் பற்றி எழுதினதும் ஆயிலைப் பற்றி எழுதினதும் எல்லாம் உண்மை. அதை அவன் எப்படி நம்புவான் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்தோன்


எல் பெச்சிச்சே
24 நவம்பர், திங்கள்

அண்ணா,

லாஞ்சு வந்தபோது மத்தியானம். உல்பியானோ எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், தோன் ஃபிலேமோனும் இருந்தார். பிரித்தேன். முதல் வரியிலேயே என் வாய் நின்றுவிட்டது.

"என்னம்மா, ஆத்துத் தண்ணி பட்டு எழுத்து கரைஞ்சிருச்சா?" என்றார் ஃபிலேமோன்.

படித்தேன். சத்தமாக, ஒரு வார்த்தை முழுங்காமல். கால்சட்டையில் துடைத்த இடம் வந்தபோது உல்பியானோ எழுந்து போய் ஆற்றைப் பார்த்து நின்றார். நான் நிறுத்தினேன். "படி" என்றார். முடித்தேன். அப்புறம் அவர் சொன்னது, "லீவரைக் குச்சியால தட்டணும்னு வருதே, அந்த இடத்தைத் திரும்பப் படி."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அப்புறம்" என்றார். "ஓதம் திரும்பிரும். முதல்ல தண்ணி."

இருபது சுற்று சுற்றினார், நான் தட்டினேன். விழவில்லை. டீசலைத் திறந்தோம். உல்பியானோ ஹேண்டிலைக் கழற்றி ஃபிலேமோன் கையில் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். முதல் சுற்று அவருடையதாயிற்றே. கிழவர் ஹேண்டிலைத் தரையில் வைத்தார். "விட்டுக்கொடுக்கிறேன்னு சொல்ல மாட்டேன்டா. அந்தப் பேச்சு இன்னிக்கு நல்லாயில்ல. வேணும்னா நீயா எடுத்துக்க."

எடுத்துக்கொண்டார். இடது கையால். என்னைக் கூப்பிட்டு, "லீவரை நீ பிடி" என்றார்.

"அதுதான் தானா நிக்குதே."

"தெரியும். நீ பிடி. நான் சொல்றப்ப விடு."

பிடித்தேன் அண்ணா. என் விரல் ஒரு நொடி முந்தினால் அந்தக் கையும் போகும். சக்கரம் சுற்றச் சுற்ற அவர் கழுத்து நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். "விடு" என்றார். நான் விடவில்லை. இன்னும் ஒரு சுற்று வரட்டும் என்று பயம். "விடு எலோதியா, மூச்சு வாங்குது" என்று கத்தினார். விட்டேன். ஒரு முட்டு முட்டி, கறுப்பாகக் கக்கி, அப்புறம் சீராக ஓடத் தொடங்கியது. அவர் கை ஹேண்டிலோடு முழுதாக வெளியே வந்தது.

தண்ணீர் சேறாக வந்து பிறகு தெளிந்தது. ஒவ்வொரு மணிக்கும் வாய்க்கால் முகப்பில் கையால் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, நாலாவது வயலுக்கு மடை திருப்பின கையோடு, கரித்தது. நாக்குதான் ஏமாற்றுகிறதோ என்று உல்பியானோவுக்கும் கொடுத்தேன். அவர் துப்பிவிட்டு டீசலை அடைத்தார். எஞ்சின் சுற்றிச் சுற்றி நின்றது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

மூன்று வயல் நிற்கிறது. இன்று காலை அதில் இலை விரிந்திருந்தது. மற்ற நாலும் போய்விட்டன. நீ லீவரைப் பற்றி எழுதின திங்கட்கிழமையே அந்த ஒரு வார்த்தையை எழுதியிருந்தால் ஏழும் நின்றிருக்குமோ என்னவோ. நான் மூன்று வருடம் முன்னால் என் புருஷனை நம்பியிருந்தாலும் அப்படித்தான்.

அவரிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்ல இரண்டு நாளாக முயற்சி செய்கிறேன். சோறு போடுகிறேன், எதிரில் உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன்.

இதற்குக் கீழே இருப்பது அவர் சொல்லி நான் எழுதுவது. மாற்றவில்லை.

"மச்சான், பதில் வந்துச்சு. லீவர் சரியாத்தான் இருந்துச்சு, கையும் இருக்கு. ஆனா அது எனக்கு மட்டும் வந்த பதிலு. அன்னிக்கு நாற்பது பேரு முன்னால ஹேண்டிலைக் குடுத்தீங்க. ஜனவரியில மூணு ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் மூணு வயலையும் அறுக்கிறோம், அதே ஆளுங்கதான் கூலி வாங்காம மாத்தாளா அறுக்க வருவாங்க. அரிவாளோட வாங்க. சாப்பாட்டுக்கு உக்காருறப்ப எந்திரிச்சு நின்னு நீங்க எழுதின அந்த வெள்ளிக்கிழமைக் கடுதாசியை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. நக்கல் வேணாம், கண்ணீரும் வேணாம். எழுதியிருக்கிறதை அப்படியே படிங்க."

உன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீ படித்து முடித்ததும் நான் எழுந்து நிற்பேன். எனக்கும் அவர்கள் முன்னால் சொல்ல வேண்டியது இருக்கிறது.

எலோதியா